அப்பாவோட இறப்புச் சான்றிதழ்ல என்ன எழுதியிருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க. மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக்கு வந்த கூட்டத்துல நாப்பது வயசு தாண்டுன ஆம்பளைங்க எத்தனை பேர்! உங்களுக்காகத்தான் எழுதுறோம். வீட்டுல பெண்களும் படிக்கணும், ஏன்னு போகப் போகத் தெரியும். அண்ணன்கிட்டயும் அக்காகிட்டயும் கேட்டுட்டுத்தான் போடுறோம்.

எங்க அண்ணனுக்குப் போன வருஷம், 61 வயசுல, புரோஸ்டேட் புற்றுநோய்னு தெரிஞ்சது. மூத்திரப் பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்குற சின்னச் சுரப்பி அது. அவருக்கு மூத்திரத்துல ஒரு தொந்தரவும் இல்ல. இடுப்பு வலின்னுதான் போனாரு. படம் எடுத்துப் பார்த்தா எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. நம்ம நாட்டு ஆண்களுக்கு வர்ற புற்றுநோய்ல குடல், நுரையீரலுக்கு அடுத்து மூணாவது இடம் இதுக்குத்தான்னு 2012-2016 தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு சொல்லுது. ஆனா கோயில்ல சர்க்கரை, பிரஷர், பைபாஸ் எல்லாம் பேசுவோம், இதை மட்டும் பேச மாட்டோம். இடம் அப்படி.

டாக்டர் முதல்ல கேட்டது: "குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

நாங்க கூடப் பொறந்தவங்க நாலு பேர், மூணு ஆண், ஒரு பெண். நாலு பேரும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்பா ஜாசின் பக்கம் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. 1989-ல லயத்து வீட்டுலயே போயிட்டாரு. இறப்புச் சான்றிதழ எடுத்துப் பார்த்தோம். 'சாக்கிட் துவா'ன்னு இருக்கு. மூப்பு நோய். அப்ப அவருக்கு வயசு 63. தோட்டத்துல வீட்டுல செத்தவங்க பல பேருக்கு இப்படித்தான். டாக்டர் பார்த்திருக்க மாட்டாரு, போலீஸ்ல சொல்லிப் பதிவு பண்ணியிருப்பாங்க. உங்க வீட்டுத் தாளையும் எடுத்துப் பாருங்க.

மெர்லிமாவுல அத்தை இருக்காங்க, அப்பாவோட கடைசித் தங்கச்சி, வயசு 84. ஞாபகம் கற்பூரம். பசியாறிட்டு உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டோம், அக்கா எழுதிக்கிட்டாங்க. அப்பாவுக்குக் கடைசி ரெண்டு வருஷம் முதுகெலும்பு வலியில பெரட்டுக்குக்கூட நிக்க முடியலையாம். டிரஸ்ஸர் ஐயா வலி மாத்திரை கொடுத்துக்கிட்டே இருந்தாராம். மூத்திரத்துல ரத்தம் போனத அத்தைகிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. அப்புறம் நாங்க கேக்காமலே இன்னொண்ணு சொன்னாங்க. எங்க பாட்டிக்கு, அப்பாவோட அம்மாவுக்கு, மார்ல கட்டி இருந்துச்சாம். மஞ்சளும் பச்சிலையும் அரைச்சுக் கட்டி, முந்தானையால மூடிக்கிட்டே வேலைக்குப் போயிருக்காங்க. நாப்பத்தஞ்சு வயசு தாண்டல.

டாக்டர் அப்பா கதையைவிட பாட்டி கதையைத்தான் ரெண்டு தடவ கேட்டாரு. எங்களுக்கு ஆச்சரியம். மார்புக்கும் புரோஸ்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. பி.ஆர்.சி.ஏ. 2-ன்னு ஒரு மரபணு, 1995-ல கண்டுபிடிச்சது. எல்லார் உடம்புலயும் இருக்கு. உயிரணுவுக்குள்ள ஏற்படுற சேதத்தச் சரி பண்றது அதோட வேலை. அது பழுதாப் பொறந்தவங்களுக்கு, பெண்ணா இருந்தா மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம். ஆணா இருந்தா புரோஸ்டேட் புற்றுநோய், அதுவும் சீக்கிரமே வரக்கூடியது, வேகமாப் பரவக்கூடியது. பேர்ல மார்பகம் இருக்குறதால ஆம்பளைங்க நமக்கில்லன்னு நினைச்சுக்கிறோம். பழுது உள்ள தாயோ தகப்பனோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன், மகள் பேதமே கிடையாது. பாட்டிகிட்ட இருந்து அப்பாவுக்கு, அப்பாகிட்ட இருந்து எங்களுக்கு வரலாம்.

ஃபேக்டரியில ஒரு சாமான் ரிஜெக்ட் ஆனா நாங்க அதோட விடுறதில்ல. லாட் நம்பர் பார்த்து, அதே லாட்ல வந்த மத்ததையும் எடுத்துச் சோதிப்போம். எல்லாம் பழுதுன்னு அர்த்தமில்ல, பார்க்காம வெளிய அனுப்பக்கூடாது, அவ்வளவுதான்.

பயந்துடாதீங்க, புரோஸ்டேட் புற்றுநோய் வந்த எல்லாருக்கும் இந்தப் பழுது இருக்காது. பெரும்பாலானவங்களுக்கு இருக்காது. சின்னச் சின்ன மரபணு வித்தியாசங்க நூத்துக்கணக்குல சேர்ந்தும் ஆபத்து கூடுது. தகப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தா மத்தவங்களைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

நம்ம அசிசுல்ஹஸ்னி ஞாபகம் இருக்கா? 2011-ல மான்செஸ்டர் சைக்கிள் பந்தயத்துல கெண்டைக்கால்ல மரச்சிலாம்பு குத்தி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்த நிலையிலும் மூணாவதா முடிச்சாரே! அந்தப் பந்தயத்துல முதல்ல வந்தவரு ஸ்காட்லாந்துக்காரர் கிறிஸ் ஹோய். ஒலிம்பிக்ல ஆறு தங்கம் வாங்குன உடம்பு. 2023-ல தோள் வலின்னு போனாரு, புரோஸ்டேட்ல ஆரம்பிச்சு எலும்புக்குப் பரவியிருந்தது. வயசு 47. அவரோட அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே நோய் இருந்திருக்கு. குடும்பத்துல இருக்குறவங்களச் சின்ன வயசுலயே சோதிக்கணும்னு இப்ப ஊர் ஊராப் பேசிக்கிட்டிருக்காரு.

அண்ணனுக்கு ரத்தப் பரிசோதனையில பி.ஆர்.சி.ஏ. 2 பழுது உறுதியாச்சு. அதனால ஒரு நன்மையும் உண்டு. ஒலபாரிப்னு ஒரு மாத்திரை இந்தப் பழுது உள்ளவங்களுக்கு வேலை செய்யுது, 2020-ல அமெரிக்காவுல புரோஸ்டேட்டுக்கு அனுமதி கொடுத்தாங்க. தம்பிங்க ரெண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். ஒருத்தருக்கு இருக்கு, ஒருத்தருக்கு இல்ல. யாருக்குன்னு இங்க எழுதப்போறதில்ல.

கஷ்டமானது அக்கா விஷயம். அவங்களுக்கு ரெண்டு பொண்ணு, சின்னவளுக்கு வரன் பேசிக்கிட்டிருக்காங்க. "இது வெளிய தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க?"ன்னு அழுதாங்க. அந்த பயம் பொய்யில்ல. கோயில் வாசல்ல நம்ம ஆளுங்க பேசுற பேச்சு எங்களுக்கும் தெரியும். வற்புறுத்தல. 'தலையெழுத்து, விடுங்க'ன்னு சொன்ன சொந்தக்காரங்களோட மட்டும் சண்டை போட்டோம். வேண்டுதல நாங்களும் விடல, அண்ணன் பேருக்கு வாராவாரம் அர்ச்சனை நடக்குது. கடைசியில சின்னவளே "மாமா, எனக்கும் பார்க்கலாமா?"ன்னு கேட்டா. முதல்ல அம்மாவுக்குப் பார்க்கணும், அம்மாவுக்கு இல்லன்னா இந்தப் பழுது உனக்கு வராதுன்னு டாக்டர் விளக்குனாரு. ஆடி முடிஞ்சதும் போறேன்னு அக்கா சொல்லியிருக்காங்க.

ஆண்களுக்கு முதல் சோதனை வெறும் ரத்தம்தான், பி.எஸ்.ஏ.ன்னு பேரு. நீங்க பயப்படுற அந்த விரல் சோதனை முதல்லயே வராது. 50 வயசு ஆனவங்க டாக்டர்கிட்ட பேசலாம். அப்பாவுக்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ 65 வயசுக்குள்ள வந்திருந்தா 45-ல, ஒருத்தருக்கு மேல இருந்தாலோ பி.ஆர்.சி.ஏ. 2 பழுது இருந்தாலோ 40-ல. அளவு கூடியிருந்தா உடனே புற்றுநோய்னு முடிவு கட்டாதீங்க. சுரப்பி வீங்குனாலும், கிருமி தொத்துனாலும் கூடும்.

வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்துல இருப்போம். அத்தைகிட்ட என்னென்ன கேட்டோம்னு ஒரு தாள்ல தமிழ்ல அடிச்சு வச்சிருக்கோம்: யாரு, எந்த வயசுல, எங்க வலி, எங்க கட்டி, அப்பா வழியா அம்மா வழியா. வேணுங்கிறவங்க எடுத்துக்குங்க. ரெண்டு மூணு தாளா எடுத்துக்குங்க, அம்மா வழிக்குத் தனியா ஒண்ணு தேவைப்படும்.