மடியில் தண்ணீர்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் நம் நாட்டில் ஊருக்கு ஊர் மரதன் ஓட்டம் நடக்கும். வெயிலும் புழுக்கமும் மிகுந்த மாதம் அது. களனி கங்கை கடலில் கலக்கும் எங்கள் முகத்துவாரத்தில் காற்று வீசினாலும் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலர்ந்தால்தான் உடற்சூடு தணியும். இத்தகைய போட்டிகளைப் பல்லாண்டு காலம் செய்தியாக்கிய எனக்கு, பரிசு யாருக்கு என்பதைவிட, வழியில் தண்ணீர் கிடைத்ததா என்பதே இன்று பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது.

ஒரு காலத்தில் விதியே தாகத்துக்குத் தடையாக நின்றது. 1953ஆம் ஆண்டின் சர்வதேச மெய்வல்லுநர் விதிப்படி, மரதனில் முதல் 15 கிலோமீற்றருக்கு எதுவும் வழங்கப்படாது. அமைப்பாளர் தருவதைத் தவிர வேறெதையும் ஓட்டக்காரர் கொண்டுசெல்லவும் கூடாது. இன்றைய விதி, புறப்படும்போதே கையிலோ உடலிலோ நீரைக் கொண்டுசெல்ல அனுமதிக்கிறது.

கடலில் நீந்துபவருக்கு அந்த வசதியும் இல்லை. 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை வரை 27 மணி நேரம் நீந்திய நவரத்தினசாமியையும், 1971இல் பாக்குநீரிணையைப் போகவரக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனையும் நாம் அறிவோம். இத்தகைய நெடுநீச்சலில் ஆகாரம் படகிலிருந்துதான் வரவேண்டும். நீந்துபவருக்கு மடி ஏது? ஓடுபவருக்கு மடி உண்டு. அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்?

ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டமென்றால், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை காபோவைதரேற்று தேவை என்பது பொதுவான அறிவுரை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் கிடைக்கும். பேரீச்சம்பழம் இடுப்புப் பையில் நசுங்காமல் இருக்கும். இடுப்பில் அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று இருந்தால் அடுத்த தண்ணீர்ப் பந்தலை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. ஜீவனி கரைப்பவர்கள் பொதியில் குறித்துள்ள அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். எதுவானாலும் பயிற்சியின்போதே உண்டு பழக வேண்டும். போட்டியன்று வயிற்றைச் சோதிக்கலாகாது.

ஆனால் அளவு மீறினால் தண்ணீரும் ஆபத்துத்தான். 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. அவர்களில் 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மிஞ்சிக் குடித்து, ஓட்ட முடிவில் எடை கூடியவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. ஆகவே தாகத்துக்கேற்பக் குடிப்பதே முறை. தம் போத்தலைத் தாமே கொண்டுசெல்பவருக்கு எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கும் தெரியும்.

2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அவனுடைய மரணத்தின் காரணத்தை நான் இங்கே தீர்ப்பாகச் சொல்லவில்லை. மடியில் உள்ள தண்ணீர் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. நிழலும், மருத்துவரும், அம்புலன்ஸும் அமைப்பாளரின் கடமை. பிள்ளையை ஓட அனுப்பும் பெற்றோர் அவற்றையும் கேட்டறிய வேண்டும். போட்டி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை முதலில் கேளுங்கள். விடியற்காலை என்று பதில் வராவிட்டால், பிள்ளையை வீட்டிலேயே இருத்துங்கள்.