சோடனைச் சரமும் சில சொற்களும்

டிசம்பர் பிறந்துவிட்டால், கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில் உள்ள தெல்தெனியக் கடைகளில் சோடனை மின்குமிழ்ச் சரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். வெசாக்குக்கு வாங்கிய சரத்தையே தீபாவளிக்கும் நத்தாருக்கும் எடுத்து மாட்டும் வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம். சிங்கள மக்கள் இதனை 'பல்ப் வெல' என்பார்கள். வெல என்றால் கொடி. தமிழகத்தில் 'சீரியல் செட்' என்கிறார்கள். முன்னது பார்வைக்கு வைத்த பெயர். பின்னது அதன் உள்ளமைப்புக்கு வைத்த பெயர்.

சரம் வரும் பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் சில குறிப்புகள் இருக்கும். 230 வோல்ட், 6 வாட், ஐ.பி. 20 என்பன போன்றவை. நாம் நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம். இந்தக் குறிப்புகளைப் படிப்பவர் அரிது. பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் படித்த எனக்கும் இவை பாடமாக இருந்ததில்லை. ஆயினும், சொற்களை வைத்தே வாழ்நாளைக் கழித்தவனுக்கு, பொருள் விளங்காத ஒரு சொல் கண்ணில் உறுத்தத்தான் செய்யும்.

தெல்தெனியவில் வாழ்பவருக்கு மின்சாரத்தை விளக்க வேறு உவமை தேவையில்லை. விக்டோரியா நீர்த்தேக்கம் கண்முன்னே கிடக்கிறது. தேங்கிய நீரின் உயரம் போன்றது வோல்ட். குழாய் வழியே பாயும் நீரின் அளவு போன்றது அம்பியர். குழாயின் ஒடுக்கம் போன்றது தடை. உயரமும் பாய்ச்சலும் சேர்ந்து தரும் வலுவே வாட். 122 மீற்றர் உயரமுள்ள அந்த அணை 1985இல் திறந்து வைக்கப்பட்டது. அதன் மின்நிலையத்தில் மூன்று இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 70 மெகாவாட், மொத்தம் 210. ஆறு வாட் சரங்களாகக் கணக்கிட்டால், ஒரே நேரத்தில் மூன்றரைக் கோடி சரங்களை ஒளிரவைக்கும் வலு அது. இலங்கையின் சனத்தொகையைவிடப் பெரிய எண்.

அந்த வலுவுக்கு விலையாகப் போனது பழைய தெல்தெனிய. கடைத்தெருவும் வயல்களும் வழிபாட்டிடங்களும் நீருக்குள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இன்றைய நகரம் மேட்டில் புதிதாக அமைந்தது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

சரத்துக்கு வருவோம். பழைய இழைக்குமிழ்ச் சரங்களில் 12 வோல்ட் குமிழ்கள் இருபதைத் தொடராகக் கோத்திருப்பார்கள். இருபது தடவை 12 என்றால் 240. வீட்டுக்கு வரும் மின்னழுத்தத்தை இருபது பேரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் பாதை ஒன்றே. ஒரு குமிழின் இழை அறுந்தால் எல்லாமே அணைந்துவிடும். கெட்ட குமிழைத் தேடி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்த இரவுகளை என் வயதையொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டு விளக்குகள் அப்படியல்ல. அவை சமாந்தரமாக இணைக்கப்பட்டவை. ஒன்று போனாலும் மற்றவை எரியும்.

பின்னாளில் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். குமிழுக்குள் இழையின் அடியில் இன்னொரு சிறு கம்பியைச் சுற்றி வைத்தார்கள். இழை அறுந்ததும் அக்கம்பி குறுக்குவழியாக மின்னோட்டத்தைக் கடத்திவிடும். சரம் தொடர்ந்து எரியும். வசதிதான். ஆனால் இருபது பேர் சுமந்ததை இப்போது பத்தொன்பது பேர் சுமக்கிறார்கள். ஒவ்வொருவர் தலையிலும் 12 வோல்டுக்குப் பதில் 12.6. இன்னொன்று போனால் 13.3. இப்படியே மீதமுள்ளவை சூடேறி விரைவில் கருகும். ஆகவே இத்தகைய சரத்தில் கெட்ட குமிழை உடனே மாற்றவேண்டும் என்பது அழகுக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று.

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் எல்.ஈ.டி. சரங்கள். உயர்தர விஞ்ஞானம் படிக்கும் அயல்வீட்டு மாணவி ஒருத்தியிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"அங்கிள், எங்க புத்தகத்தில ஒளிகாலும் இருவாயி எண்டு இருக்கு" என்றாள்.

சொல்லின் அழகில் நான் சற்றே மயங்கிப்போனேன். காலுதல் என்றால் உமிழ்தல். பழைய இலக்கியம் படித்தவர்களுக்குப் பழகிய சொல். இருவாயி என்பது இரண்டு வாய் உள்ளது. ஒரு வாயால் புகும் மின்னோட்டம் மறுவாயால் வெளியேறும், எதிர்த்திசையில் விடாது. சிவப்பு இருவாயிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் ஏறத்தாழ 3. மிஞ்சிய அழுத்தத்தைத் தாங்கி, ஓட்டத்தை மட்டுப்படுத்த ஒரு தடையி இருக்கும். வயரின் நடுவே பொத்தானுடன் வரும் சிறு பெட்டிக்குள் மாறிமாறிப் பாயும் ஓட்டத்தை ஒரு திசையாக்கும் சீராக்கி இருக்கும். மின்னி மின்னி எரியவைப்பதும் அந்தப் பெட்டியே.

சிக்கனம் உண்மையானது. 6 வாட் சரத்தை நாளொன்றுக்கு ஆறு மணிநேரம், முப்பது நாள் எரித்தாலும் செலவு ஏறத்தாழ ஓர் அலகு. 40 வாட் இழைக்குமிழ்ச் சரமென்றால் ஏழு அலகைத் தாண்டும்.

இந்தச் சிக்கனமே நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஆறு வாட் தானே, என்ன செய்துவிடும் என்று நினைக்கிறோம். 6ஐ 230ஆல் வகுத்துப் பாருங்கள். சரத்தில் ஓடுவது ஏறத்தாழ 26 மில்லி அம்பியர். வீட்டு 'ட்ரிப் சுவிட்ச்' எத்தனை மில்லி அம்பியர் கசிந்தால் விழும்படி அமைக்கப்பட்டிருக்கிறது? 30. அதற்கு மேல் மனித உடலினூடாகச் சில கணங்கள் பாய்ந்தால் இதயத்துக்கு ஆபத்து என்பதால் வகுத்த எல்லை அது. அடாப்டர் இல்லாமல் நேரே செருகும் மலிவுச் சரத்தில் வயர் உரிந்த இடம் ஒவ்வொன்றும் வீட்டுச் செருகியைப் போலவே அபாயமானது. ஈரக் கையால் அதைத் தொட்டால், சரத்தின் ஆறு வாட் நமக்குக் காப்பாகாது. எவ்வளவு பாயும் என்பதை நம் உடல்தான் தீர்மானிக்கும்.

செருகியில் உருகி இருக்கிறதே என்பார்கள். 3 அம்பியர் உருகி என்றால் 3000 மில்லி அம்பியருக்கு மேல் ஓடினால்தான் அது எரியும். உயிருக்கு ஆபத்தான அளவோ அதில் நூற்றிலொரு பங்கு. உருகி வயரைக் காப்பது. ட்ரிப் சுவிட்ச் ஆளைக் காப்பது. இந்த ஒரு வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் தொழிலின் ஒரு சொல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். லயன் அறைகளில் தீப்பிடித்தால் செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றே: "மின்ஒழுக்கே காரணமெனச் சந்தேகிக்கப்படுகிறது." இந்த ஒரு சொல்லுக்குள் பல காரணங்கள் ஒளிந்துகொள்கின்றன. இரண்டு வயர்கள் நேரே முட்டினால் அது குறுஞ்சுற்று. ஒரே செருகியில் பலவற்றை மாட்டி வயர் சூடேறினால் அது மிகைச்சுமை. முறுக்கிக் கட்டி ஒட்டுநாடா சுற்றிய இணைப்புத் தளர்ந்து பொறி பறந்தால் அது வேறு. மின்னோட்டம் தன் பாதையை விட்டு நிலத்துக்கு இறங்கினால் மட்டுமே அது ஒழுக்கு. காரணம் வேறு என்றால் தடுக்கும் வழியும் வேறு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் உள்ள லயத்தில் ஓர் அறையின் தீ ஓர் அறையோடு நிற்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுச் செய்தியை முடிக்கும்போது, வாசகர் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஏதும் மிஞ்சுவதில்லை.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 24 அல்லது 31 வோல்டாகக் குறைக்கும் அடாப்டருடன் வருவது நேரே செருகுவதைவிடப் பாதுகாப்பானது. ஐ.பி. 20 என்றால் வீட்டுக்குள் மட்டும். மழைச்சாரல் படும் முற்றத்துக்கு ஐ.பி. 44 ஆவது வேண்டும். தெல்தெனியவில் டிசம்பர் மழைக்காலம் என்பதை மறக்கலாகாது. குமிழை மாற்றும்போது செருகியைக் கழற்றிவிடுங்கள். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மின்பணியாளரை அழையுங்கள். அது இல்லாத வீடென்றால், சரத்துக்கு முன் அதைப் பொருத்துங்கள்.

ஓர் ஊரையே நீருக்குக் கொடுத்துப் பெற்ற வெளிச்சம் இது. அதனால் இன்னோர் உயிரும் போகவேண்டாம். அனைவருக்கும் நத்தார் வாழ்த்துகள்.