கியூவுல அப்பா எங்கே நிக்கிறார்?

ஃப்ரெண்ட்ஸ், ஒரு கேள்வி. ஒரு கம்பெனி மூழ்கிடுச்சு. பேங்க் லோன் பாக்கி, சம்பளம் பாக்கி, வரி பாக்கி, பார்ட்ஸ் சப்ளை பண்ணினவருக்கும் பாக்கி. இருக்கிறதை எல்லாம் வித்தாலும் எல்லாருக்கும் பத்தாது. யாருக்கு முதல்ல கொடுப்பீங்க?

'சமமா பிரிச்சுக் கொடுத்துடலாம்!' என்றுதான் நானும் நினைச்சேன். 2023-ல், மெக்கானிக்கல் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த புதுசில் அந்த நினைப்பு உடைஞ்சுபோச்சு.

அப்பாவுக்குக் கோவையில் சின்ன லேத் பட்டறை. ரெண்டு மெஷின், மூணு ஆள். ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைஞ்சு கொடுப்பார். பதினாலு வருஷப் பழக்கம். பில் கொண்டுபோனா, 'அடுத்த மாசம் பார்க்கலாங்க' என்பாங்க. அப்படியே பதினோரு மாசம் ஓடி, பாக்கி எட்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகிடுச்சு. என் காலேஜ் ஃபீஸும் அதுக்குள்ளதான் இருந்துச்சு!

ஒருநாள் காலையில் பேப்பர் பார்த்த அப்பா, அப்படியே உட்கார்ந்துட்டார். கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு. பேங்க் போட்ட மனுவை, சென்னையில் இருக்கும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஏத்துக்கிச்சாம். கடன் கொடுத்தவங்க எல்லாம் பதினாலு நாளுக்குள்ள கிளெய்ம் கொடுக்கணுமாம். "இது என்னன்னு பாரு கண்ணு" என்றார்.

அன்னிக்குத்தான் 2016-ல் வந்த திவால் சட்டத்தை முதன்முதலா படிச்சேன். அப்பா தன் பாக்கிக்காக இந்தச் சட்டத்தில் தனியா வழக்குப் போட முடியாது. 2020 மார்ச்சுக்கு முன்னாடி ஒரு லட்சம் பாக்கி இருந்தாலே போதும். அதுக்கப்புறம் அதை ஒரு கோடி ஆக்கிட்டாங்க. ஆனா, வேற யாராவது கேஸ் போட்டு அது ஏற்கப்பட்டால், சின்ன பாக்கிக்காரரும் கிளெய்ம் கொடுக்கலாம். பில், டெலிவரி சலான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் சேர்த்து, படிவம் 'பி'யை ராத்திரி முழுக்க உட்கார்ந்து நிரப்பினேன்.

கேஸ் ஏற்கப்பட்டதும் டைரக்டர்களோட அதிகாரம் நின்னுடும். தீர்ப்பாயம் நியமிக்கிற நிபுணர்தான் கம்பெனியை நடத்துவார். அந்த எம்.டி.யை ஒருநாள் ஃபேக்டரி வாசலில் பார்த்திருக்கார் அப்பா. "அவர் கட்டின கம்பெனி. இன்னிக்கு ஒரு செக்குல கையெழுத்துப் போட முடியலை. பேங்குக்குத் தன் வீட்டையும் ஜாமீனா கொடுத்திருக்காராம். பாவம்டா!" என்றார். எனக்குக் கோபம்தான் வந்துச்சு. கம்பெனிக் கடன் டைரக்டரைத் தொடாது என்பது பொது விதி. ஆனா, சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தா தப்ப முடியாது. அதை 2021 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் உறுதிப்படுத்திடுச்சு. கடன்காரங்களை ஏமாத்தத்தான் வியாபாரம் நடத்தினார்னு நிரூபணமானாலும், கைக்காசைப் போட்டுக் கட்டணும்.

கம்பெனியை யார் கையில் கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணுவது கடன்காரர் குழு. 66 சதவிகித ஓட்டு வேணும். அதுல உட்கார்றது முக்கியமா பேங்க் மாதிரி நிதிக் கடன் கொடுத்தவங்க. அப்பா மாதிரி சரக்கு கொடுத்தவங்களுக்கு ஓட்டு கிடையாது. எங்க கேஸில் வாங்க யாரும் வரலை. 2024-ல் கலைக்க உத்தரவு. லிக்விடேட்டர் வந்தார். மெஷின், நிலம் எல்லாம் ஏலம்.

அந்தப் பணத்துக்குத்தான் அந்த கியூ! முதலில் நடைமுறைச் செலவும் லிக்விடேட்டர் ஃபீஸும். (கடுப்பா இருக்கா? ஃபீஸ் கிடைக்காதுன்னா இந்த வேலையை யார் செய்வாங்க!) ரெண்டாவது, தொழிலாளர்களோட 24 மாச சம்பள பாக்கியும், அடமானத்தை ஒப்படைச்ச பேங்கும் சரிசமமா. மூணாவது, மத்த ஊழியர்களோட 12 மாச பாக்கி. நாலாவது, அடமானம் இல்லாம நிதிக் கடன் கொடுத்தவங்க. அஞ்சாவது, அரசாங்க பாக்கி. ஆறாவது, மிச்ச எல்லாக் கடனும். அப்பா நிக்கிறது அங்கே. அவருக்குப் பின்னாடி பங்குதாரர்கள் மட்டும்தான்.

லிக்விடேட்டர் ஆபீஸுக்கு போன் போட்டேன். "உங்க கிளெய்மை ஏத்துக்கிட்டோம்" என்றார்கள். "அப்போ பணம் வருமா சார்?" என்றேன். "வரிசையில நிக்கலாம்னு அர்த்தம் தம்பி!"

இதுவரைக்கும் ஒரு ரூபாய் வரலை. ரெண்டு மெஷின்ல ஒண்ணை வித்துத்தான் என் செகண்ட் இயர் ஃபீஸ் கட்டினார் அப்பா. இப்போ நான் தேர்ட் இயர்.

சட்டம் மோசம்னு சொல்ல வரலை. ஆளாளுக்குக் கிடைச்சதைத் தூக்கிட்டு ஓடாம இருக்க ஒரு வரிசை வேணும்தான். கியூ உருவாகிறதுக்கு முன்னாடியே அப்பா விழிச்சிருக்கணும். 2006-ல் வந்த சிறு தொழில் சட்டப்படி, பதிவு பண்ணின சின்ன சப்ளையருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரணும். தவறினா, பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி. கேட்டா ஆர்டர் போயிடும்னு பயந்து அப்பா கேட்கலை. கடைசியில் ஆர்டரும் போச்சு, பணமும் போச்சு.

நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் நீங்க உட்காரும்போது, 'சி.டி.சி. எவ்வளவு?' என்று மட்டும் பார்க்காதீங்க. கம்பெனி விவகார அமைச்சகத்தோட இணையதளத்தில் கட்டணம் கட்டினா, அந்த கம்பெனியோட பேலன்ஸ் ஷீட்டை யாரும் பார்க்கலாம். சம்பளம் ரெண்டு மாசம் தள்ளிப்போனா, நீங்களும் அந்த கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்தான் பாஸ்!

அப்பா இப்பவும் ஷாஃப்ட் கடையறார். புது பார்ட்டி வந்தா, டீ கொடுத்துட்டு முதல்ல ஒரு வார்த்தை சொல்றார்... "நாப்பத்தஞ்சு நாளுங்க!"