அம்மா, உச்சா வருது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நம்ம கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். என் மகளுக்கு அதனாலேயே அந்த நேரம் பிடிக்கும். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை கையை விட்டுவிட்டு ஓடலாம். அவளுக்கு அப்போது இரண்டு வயது எட்டு மாதம். பாதி தூரம் ஓடியவள் சட்டென்று நின்று, இரண்டு முட்டியையும் சேர்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, உச்சா வருது."

பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வயதில் "வருது" என்றால் நம் கையில் இரண்டு நிமிடம்கூட இல்லை. கட்டணக் கழிப்பறை கூட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம். அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் கண்ணில் பட்ட முதல் காபிக் கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்த தம்பி, "கஸ்டமருக்கு மட்டும்தான் மேடம்" என்றார். சரி, ஒரு காபி போடுங்க என்று நான் பர்ஸைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பளபளவென்ற தரையில் சின்னக் குளம்.

அவர் கோபப்படவில்லை. "டயப்பர் போட்டுக் கூட்டிட்டு வரலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். என் அம்மா வயதுள்ள ஒரு பெண் மாப்பு குச்சியோடு வந்தார். நான் அதற்குள் பையிலிருந்து துண்டை எடுத்திருந்தேன். "இருங்கக்கா, நானே தொடைச்சிடுறேன்" என்று குனிந்தேன். அப்போதுதான் என் மகள் சொன்னாள்: "நீ வேணாம்மா. ஆயா தொடைப்பாங்க."

தோழர்களே, சாதி ஒழிப்பைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன், வாசிப்பு வட்டம் நடத்தியிருக்கிறேன். அந்த நிமிடம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவள் மேல் தப்பில்லை. அவள் போகும் விளையாட்டுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுவது, தரை துடைப்பது எல்லாம் "ஆயா". டீச்சர் செய்வதில்லை. டீச்சருக்கு நாற்காலி, ஆயாவுக்குத் துடைப்பம். மூன்று வயது ஆவதற்குள் எந்த வேலை யாருடையது என்று ஒரு பட்டியல் அவள் தலைக்குள் ஏறிவிட்டது. நம் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டியும்தான். என் அம்மாவையும் அவள் ஆயா என்றுதான் கூப்பிடுகிறாள். மடியில் உட்கார வைத்துக் கதை சொல்கிறவரும் ஆயா, மூத்திரம் துடைக்கிறவரும் ஆயா. அவளுக்கு இரண்டும் வேறுவேறு என்று தெரிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

டயப்பர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பி கேட்டதில் ஒன்றும் அநியாயமில்லை. வெளியே போகும்போது டயப்பர் மாதிரி சௌகரியம் வேறு கிடையாது. நானும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், என் சின்னம்மா வீட்டுக்கு வரும்வரை.

சின்னம்மா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது பார்க்க வந்தவர், வாசலில் இருந்த குப்பைக் கூடையை எட்டிப் பார்த்தார். "இத எப்படிப் போடுற?" என்றார். "கவர்ல போட்டு நல்லா முடிச்சுப் போட்டுதான் போடுறேன் சின்னம்மா" என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன். "முடிச்சுப் போட்டா நாங்கதான அவுக்கணும்? உள்ள இன்னா இருக்குதுன்னு பாத்தாதான பிரிக்க முடியும்? மழ நாள்ல அது ஊறி எம்மாங்கனம் கனக்கும் தெரியுமா?" என்றார். திட்டவில்லை. சொல்லிவிட்டு பிள்ளையை வாங்கிக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

சமூகவியல் எம்.ஏ.வில் லூயி துய்மோனின் தூய்மை–தீட்டுக் கோட்பாட்டை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவள் நான். என் வீட்டுப் பிள்ளையின் மலம் என் சித்தியின் கைக்குத்தான் போகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இதற்கு வழி சொல்லியிருந்தது. டயப்பரையும் நாப்கினையும் தனியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிக்கும் நிறுவனமே தர வேண்டும் என்று அதில் இருந்தது. நான் வாங்கிய எந்தப் பாக்கெட்டிலும் அந்த உறையைப் பார்த்த நினைவில்லை. உறை இருந்தாலும் கடைசியில் அதைத் தொடுவது யார் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

வீட்டில் அன்றே டயப்பரை நிறுத்தினேன். வெளியே போகும்போது நிறுத்த இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அது வீராப்பில் முடிகிற காரியமில்லை. எல்லா அம்மாக்களும் டயப்பரை விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் நான் வரவில்லை. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவளுக்கு யாரும் அதைச் சொல்லக்கூடாது.

என் ஆயா, அம்மாவின் அம்மா, பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோது சின்னப் பெண். தன் அம்மாவோடு வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிற தெருக்களுக்கு எடுப்புக் கக்கூஸ் வேலைக்குப் போனவர். கக்கூஸ் என்பது டச்சுச் சொல் என்பார்கள். 1693இலிருந்து 1699 வரை டச்சுக்காரர்களும் இந்த ஊரைக் கையில் வைத்திருந்தார்கள். யார் ஆண்டாலும் வாளி தூக்கியது நம் ஆட்கள்தான். பின்சந்து வழியாகத்தான் போக வேண்டும், அந்த வீடுகளின் முன்வாசலைப் பார்த்ததே இல்லை என்று ஆயா சொல்வார். இன்று அந்தத் தெருக்களில் பல வீடுகள் மஞ்சள் பூசிய விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் ஆகிவிட்டன. நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது அப்படியொரு வீட்டின் முன்வாசல் வழியாக. எடுப்புக் கக்கூஸைத் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. ஆயா இரண்டையும் பார்க்கவில்லை.

மகளுக்குப் பழக்கியது ஆயாவின் முறையில்தான். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் பிள்ளையை உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சொல்ல வேண்டும். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் பிள்ளை தானாகவே அடையாளம் காட்டும், அவசரப்படுத்தாதீர்கள், திட்டாதீர்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். அதுவும் சரிதான். கழிப்பறையில் உட்காரப் பழக்க ஆரம்பித்தது 2024 ஜூனில். அந்த மாதம் 11ஆம் தேதி ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியாக ஏறி மூன்று பேர் செத்துப் போனார்கள். கழிப்பறைக்குப் போன ஒரு மூதாட்டி, அவரைத் தூக்க ஓடிய மகள், அதே பகுதியில் 15 வயது மாணவி ஒருவர். சாக்கடைக்குள் இறங்கிச் சாகும் நம் தோழர்களை மூச்சடைக்க வைக்கும் அதே வாயு. அந்த வாரம் முழுக்க மகளை உட்கார வைத்துவிட்டு, நான் குழியையே முகர்ந்துகொண்டு நின்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

வெளியே போகும்போது என்ன செய்கிறேன் என்று களப்பணிக்கு வரும் தங்கச்சிகள் கேட்டார்கள். பையில் இரண்டு ஜட்டி, இரண்டு பேன்ட், ஒரு பழைய துண்டு, ஒரு லிட்டர் தண்ணீர், சின்ன மக்கு, ஈரத்துணி போட ஒரு ரப்பர் பை. பட்டன் வைத்த உடுப்பு வேண்டாம், இழுத்தால் இறங்க வேண்டும். கிளம்பும் முன் ஒரு தடவை, போய் இறங்கியதும் ஒரு தடவை. "வருதா?" என்று கேட்காதீர்கள், எந்தப் பிள்ளையும் விளையாட்டை விட்டு வருது என்று சொல்லாது. "வா, போயிட்டு வரலாம்" என்று கூட்டிப் போங்கள். எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்து வையுங்கள். இப்போது இந்த ஊரில் எந்தக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டும் என்று எனக்கு அத்துப்படி. ஒருமுறை அரியாங்குப்பத்தில் தனியார் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, "நீங்க எறங்கிட்டு வாங்கக்கா, நாங்க எங்க போயிடப் போறோம்" என்றார். பஸ்ஸில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். என் அம்மா வெளியூர் போகும் நாளில் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் தொடமாட்டார். நானும் களப்பணிக்கு அப்படியே போய், இரண்டு முறை சிறுநீர்த் தொற்றில் படுத்தேன். 1901இல் ஒன்பது வயது அம்பேத்கர் அப்பாவைப் பார்க்க மசூர் ஸ்டேஷனில் இறங்கி, சாப்பாட்டுக் கூடை இருந்தும் குடிக்கத் தண்ணீர் தருவாரில்லாமல் அந்த இரவைக் கழித்ததை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தண்ணீர் மறுக்கப்பட்டதை அவர் எழுதி வைத்தார். நம் அம்மாக்கள் தாங்களாகவே தண்ணீரை மறுத்துக்கொண்டதை யாரும் எழுதவில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அடக்கத் தெரியாது. அவளோடு போக ஆரம்பித்த பிறகுதான் நானும் அடக்குவதை நிறுத்தினேன்.

வில்லியனூர் பக்கம் ஒரு கிராமம். முதியோர் உதவித்தொகை விஷயமாக ஊர்த்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கூட்டிப் போயிருந்தேன். மோர் கொடுத்தார்கள், பிள்ளைக்கு முறுக்கு கொடுத்தார்கள். "எந்தப் பக்கம்மா உங்க வீடு?" என்று அந்த அம்மா கேட்டார். ஊரைச் சொன்னேன். "அதுல எந்தத் தெரு?" தெருவையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மகள் முட்டியைச் சேர்த்தாள். உள்ளே நடையின் கடைசியில் கழிப்பறைக் கதவு எனக்கே தெரிந்தது. அந்த அம்மா எழுந்து, "கொல்லையில தென்னமரத்தடியில விட்டுக்கோம்மா, கொழந்ததானே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எல்லாப் பிள்ளைகளையும் அங்கேதான் விடுவார்களாக இருக்கும். பஸ் ஏறும்வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

குழந்தைதானே என்ற சொல் எனக்கு ஒத்து வருவதில்லை. 2019 செப்டம்பர் 25ஆம் தேதி மத்தியப் பிரதேசம் சிவ்புரி மாவட்டம் பாவ்கேடி கிராமத்தில் திறந்தவெளியில் ஒதுங்கிய இரண்டு தலித் பிள்ளைகளை அடித்தே கொன்றார்கள். 12 வயது, 10 வயது. திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத கிராமம் என்று அறிவித்திருந்த ஊர், அந்தப் பிள்ளைகளின் வீட்டில் கழிப்பறை இல்லை. அங்கே யாரும் குழந்தைதானே என்று சொல்லவில்லை. நம்ம ஊரிலும் இது பழைய சங்கதிதான். நகரத்துக்குள்ளும் கடற்கரையிலும் மலஜலம் கழித்தால் அபராதம் என்று பிரெஞ்சுக்காரர்கள் தமுக்கடித்ததை ஆனந்தரங்கப்பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கடற்கரையைத் தவிர வேறு இடமில்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று அவர் எழுதவில்லை. சுற்றுலா வந்தவர்கள் பாறையோரம் பிள்ளையை நிறுத்துவதை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன், யாரும் முறைப்பதில்லை. நான் நிறுத்துவதில்லை. அதில் சுத்தம் பாதி, பயம் பாதி.

காபிக் கடைக்குத் திரும்புகிறேன். "ஆயா தொடைப்பாங்க" என்று அவள் சொன்னதும் அந்த அக்கா சிரித்துவிட்டார். "விடும்மா, புள்ள மூத்திரந்தான, எனக்கு இது ஒரு வேலையா" என்று மாப்பை நீட்டினார். நான் விடவில்லை. இரண்டு பேரும் தரையில் குனிந்து, "நீங்க விடுங்க, நீ விடும்மா" என்று இழுத்துக்கொண்டிருந்தோம். கல்லாத் தம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் துண்டின் ஒரு முனையை மகள் கையில் கொடுத்து, "நம்ம போனத நம்மதான் தொடைக்கணும், வா" என்றேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். இன்னும் நன்றாகப் பரப்பிவிட்டாள் என்பதுதான் உண்மை. பிறகு அந்த அக்காவே சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார், நான் மாப்பு போட்டேன்.

துண்டைக் கழுவ அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார். குழாயடியில் நின்றபோது, "உங்களுக்கு இங்க கக்கூஸ் எங்கக்கா?" என்று கேட்டேன். உள்ளே இருப்பது கஸ்டமருக்காம். அவர் காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால் ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான். "தண்ணி குடிக்கறதில்ல, அதனால ஒண்ணும் தெரியாது" என்றார்.

விளையாட்டுப் பள்ளியில் போய்ப் பேசினேன். பிள்ளைகள் சிந்தியதைப் பிள்ளைகளும் டீச்சரும் சேர்ந்து துடைக்கலாமே என்றேன். "மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க மேடம்" என்றார்கள். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது, அங்கேயும் கேட்கப் போகிறேன். மகள் இப்போது தன் மக்கைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறாள். போன வாரம் பாரதி பூங்காவில் நடுவில் இருக்கும் வெள்ளைக் கட்டடத்தைக் காட்டி, "இதுதான் ஆயி மண்டபம்" என்றேன். ஊருக்குத் தண்ணீர் கிடைக்கத் தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயியின் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள், "ஆயி மண்டபமா! ஆயி மண்டபமா!" என்று தரையில் உருண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் பேன்ட் நனைந்தது. துண்டை அவளே எடுத்தாள்.