பேன்ட் 36, வயிறு 40

ஜூலை 9, 2024

டாக்டர் அம்மா என் வயிற்றில் டேப் வைத்தபோது, இடம் தப்பு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. முப்பது வருஷமாக மதுரையில் பேன்ட் தைக்கிறேன். இடுப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அவர் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பார்த்தார், இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டுப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினார். "மூச்சை விடுங்க. வயித்தை உள்ள இழுக்காதீங்க." 102 சென்டிமீட்டர். இஞ்ச் கணக்கில் 40. நான் போட்டிருந்த பேன்ட் 36, என் கையால் தைத்தது. அது எனக்கு இறுக்கமாகவும் இல்லை.

ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, முதல் கட்டம். மூன்று மாத சர்க்கரை 6.1. அது 5.7-க்குக் கீழே இருக்க வேண்டும், 6.5 தொட்டால் சர்க்கரை வியாதி என்றார். எடை 74. நம் ஊர் ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். ஐரோப்பியர்களுக்கு 94 வரை போகலாம், நமக்கு அவ்வளவு தாங்காது என்றார்.

எனக்கு வயது 51. பெரியண்ணனுக்குச் சர்க்கரையில் கால்விரல் இரண்டை எடுத்தபோது அவருக்கு 53. பஸ்ஸில் திரும்பி வரும்போது வேறு எதுவும் மனசில் ஓடவில்லை.

ஜூலை 10

கடை சாத்தியபின் பழைய அளவு நோட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேன்டுக்கு உயரம், இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம். சட்டைக்கு நெஞ்சு, வயிறு, ஷோல்டர், கை, காலர். இருபத்தைந்து வருஷமாக என்னிடமே தைக்கிற ஒரு சார் இருக்கிறார், அரசாங்க ஆபீஸில் வேலை. அவர் பேன்ட் இடுப்பு 1999-ல் 30. 2006-ல் 33. 2013-ல் 36. 2019-ல் 36. போன வருஷமும் 36. அதே ஆளுக்கு அந்தக் கடைசி மூன்று தடவையும் சட்டையில் வயிறு, லூஸ் சேர்க்காமல் டேப் வைத்த அளவு, 36, 39, 42.

இரண்டும் என் கையெழுத்துதான். பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. வயிறு முன்னால் வர வர, ஆண்கள் பேன்டைக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். பெல்ட் தொந்திக்கு அடியில் போய்விடுகிறது. அங்கே எலும்புதான், சதை அவ்வளவாக ஏறுவதில்லை. அதனால் பேன்ட் அளவு மாறுவதில்லை, "பத்து வருஷமா நான் அதே 36 தான்" என்று நம்பிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

டேப் தொட்டதும் வயிற்றை எக்கிக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். "கொஞ்சம் லூசாவே வைங்கண்ணே" என்பவர்கள் ஒரு பக்கம். பின்தையலில் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விட்டுத்தான் தைப்போம், பிற்பாடு பிரித்துவிட வசதியாக. வயிறு பெருக்கும் என்று துணி வெட்டும்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். போனில் ஒரு படம் காட்டினாள். 2004-ல் லான்செட் இதழில் வந்ததாம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. நம் ஜனங்களுக்கு ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு சேர்கிறது, அதுவும் குடலையும் ஈரலையும் சுற்றித்தான் அதிகம் சேர்கிறது என்றாள். கையால் பிடித்துப் பார்க்கிற சதை தோலுக்கு அடியில் இருப்பது. உள்ளே இருப்பதுதான் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வழி விடுகிறதாம்.

காலையில் இருவரும் தெப்பக்குளத்தில் நடந்தோம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். இரண்டு சுற்று, 33 நிமிஷம். பேசலாம், பாட முடியாது, அந்த வேகத்தில் நடக்க வேண்டும் என்றாள். இரண்டாவது சுற்றில் என்னால் பேசவும் முடியவில்லை.

ஜூலை 28

நாள் முழுக்க என்ன உள்ளே போகிறது என்று இரண்டு வாரம் எழுதி வைத்தேன். காலையில் ஐந்து இட்லி, வடை. 11 மணிக்கு டீயோடு பஜ்ஜி. மதியம் சோறு குவியலாக, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். ராத்திரி 10 மணிக்குக் கடை சாத்திவிட்டு மூன்று பரோட்டா, சால்னா. டீ மட்டும் ஆறு. டீக்கடைத் தம்பியிடம் கேட்டேன், கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரையாம். பன்னிரண்டு ஸ்பூன், 50 கிராமுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மதியத் தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. சோற்றைக் குறைத்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் பருப்பும் காயும் இருந்தால்தான் நாலு மணிக்கு பஜ்ஜிக் கடைப் பக்கம் கால் போகாது. இது எனக்கு இப்போது அனுபவம். டீ இரண்டு, சர்க்கரை இல்லாமல். முதல் ஐந்து நாள் தலைவலி, அப்புறம் பழகிவிட்டது. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கே டிபன் பாக்ஸில் கடைக்கு வந்துவிடும்: இரண்டு தோசை, ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது கூட்டு.

"உங்களுக்காக மட்டும் இல்லீங்க, எனக்கும் சேர்த்துத்தான்" என்றாள் மனைவி. அவள் சுற்றளவை நான்தான் எடுத்தேன். 91. பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு வயிற்றில் சேர்வது அதிகமாகிறது என்று மகள் சொன்னாள். மனைவியும் இனிமேல் தெப்பக்குளத்துக்கு வருவாள்.

ஆகஸ்ட் 19

அக்கா மகன் சொன்னான் என்று படுத்து எழும் பயிற்சி தினமும் ஐம்பது போட்டேன். பத்து நாளில் கழுத்து பிடித்துக்கொண்டது. வயிற்றை ஆட்டினால் வயிற்றுக் கொழுப்பு கரையாது, தசைதான் உறுதியாகும், கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்று உடம்புதான் முடிவு செய்யும் என்றாள் மகள். கால், முதுகு, தோள் என்று பெரிய தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். இப்போது தோப்புக்கரணம் 15 வீதம் மூன்று தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 12 வீதம் மூன்று தடவை. வாரத்தில் மூன்று நாள்.

மெஷினுக்கு மோட்டார் மாட்டியது 2011-ல். அதற்கு முன் நாள் முழுக்கக் காலால் மிதித்தேன். இப்போது ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் எழுந்துவிடுகிறேன். காஜா, பட்டன் வேலையை வெட்டும் மேஜையில் நின்றபடியே பார்க்கிறேன்.

இன்று அந்த ஆபீஸ் சார் பேன்டைப் பிரித்துவிடச் சொல்லி வந்தார். நோட்டைத் திறந்து இரண்டு வரிசையையும் காட்டினேன். கை நடுங்கியது, தொழில் போய்விடுமோ என்றும் இருந்தது. "ரத்தம் ஒருதடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க சார்." ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

செப்டம்பர் 22

எடை மூன்று வாரமாக 71-லேயே நிற்கிறது. ஆனால் டேப் 99-லிருந்து 97.5-க்கு வந்திருக்கிறது. டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். நடந்தால் உள்கொழுப்பு முன்னாடி குறையும், எடை மெதுவாகத்தான் இறங்கும் என்றார். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வந்ததாம். சாப்பாட்டை மாற்றி, தினமும் அரைமணி வேகமாக நடந்தவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. இதை அண்ணனுக்கு அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா!

அக்டோபர் 29

தீபாவளி வேலை. பதினெட்டு நாளாக நடை இல்லை. ராத்திரி இரண்டு மணி வரை மெஷின், நாலு மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தால் பசி எப்படி எடுக்கிறது என்று இப்போது தெரிகிறது: வயிறு நிறைந்த பிறகும் இனிப்பும் எண்ணெயும் கேட்கிறது. வேலைக்கு வந்த பையன்களோடு ஆறு ராத்திரி பரோட்டா. டேப் 98.

நவம்பர் 4

காலை 5:30, தெப்பக்குளம். இரண்டு சுற்று.

டிசம்பர் 15

ஆபீஸ் சார் வந்தார். நாலு மாதம் கழித்து. ஒரு காகிதத்தை நோட்டின்மேல் வைத்தார். மூன்று மாத சர்க்கரை 7.9. "நீ சொன்னன்னிக்கு எனக்குக் கோவம்யா. வீட்ல போய் சொன்னேன், அவதான் இழுத்துட்டுப் போனா." மாத்திரை சாப்பிடுகிறார், நடக்கிறார். புதுச் சட்டைக்கு அளவெடுத்தேன். வயிறு 41. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

ஜனவரி 19, 2025

94.5 சென்டிமீட்டர். எடை 68. சர்க்கரை 5.8. மனைவிக்கு 87. எனக்கு இன்னும் நாலரை, அவளுக்கு ஏழு. மூன்று சுற்று இப்போது 40 நிமிஷம், பேசிக்கொண்டே.

2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பில் நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 39.5 பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறதாம். என் நோட்டில் சட்டை வயிறு வரிசையைப் பார்த்தால் அதற்கு மேலேயே இருக்கும்.

பொங்கலுக்குப் புது அளவு நோட்டு போட்டேன். பேன்ட் பக்கத்தில் பாட்டத்துக்கு அடுத்து ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டிருக்கிறேன்: நடுவயிறு, சென்டிமீட்டரில். சரி என்கிறவர்களுக்கு மட்டும், மூச்சை விடச் சொல்லி, டாக்டர் அம்மா வைத்த இடத்தில் வைத்து எடுக்கிறேன். இன்று வந்த மூன்று பேரில் இருவர் சரி என்றார்கள். ஒருவருக்கு 88. இன்னொருவர் கல்யாணத்துக்கு பேன்ட் தைக்க வந்த தம்பி, வயது 26, பேன்ட் 34, நடுவயிறு 97. வியாழக்கிழமை டெலிவரி. அன்றைக்கு அவனை ஒரு பத்து நிமிஷம் உட்காரவைத்துப் பேச வேண்டும்.