பக்கக் கட்டும் ஆட்டக்காரனும்

முந்நூற்று நான்கு ஆடுவோர் அனைவர்க்கும் சீட்டுக்கட்டு ஒன்றே. 32 சீட்டுகளும் கலைத்துப் பகிரப்பட்டபின் கைக்கு வந்ததைக் கொண்டே ஆடுதல் வேண்டும். நல்ல துரும்பு வாய்க்காதவிடத்து ஊழை நொந்துகொள்ளும் உரிமை ஆடுவோனுக்கு உண்டு.

1993 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மஜிக்: த கதறிங்’ என்னும் ஆட்டம் இவ்வுரிமையைப் பெருமளவு பறித்துவிட்டது. அமெரிக்கக் கணிதவியலாளரான றிச்சட் காபீல்ட் ஆக்கிய இவ்வாட்டத்தில், ஒவ்வொருவரும் தாம் சேகரித்த சீட்டுகளிலிருந்து தமக்கென ஒரு கட்டினை அமைத்துக்கொண்டே களத்திற்கு வருவர். கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருத்தல் வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகள் தவிர்ந்த எதுவும் பொதுவாக நான்கு படிகளுக்கு மேற்படலாகாது. போட்டிகளில் இதனோடு மேலும் 15 சீட்டுகள் வரை தனியே எடுத்துவரலாம். இதுவே பக்கக் கட்டு. ஜப்பானில் கொனாமி நிறுவனம் 1999 இல் வெளியிட்ட ‘யூ-கி-ஓ’ சீட்டாட்டத்திலும் இதன் எல்லை 15 சீட்டுகளே.

மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவனே வெற்றியாளன். முதலாட்டம் பிரதான கட்டினால் மட்டுமே ஆடப்படும். அது முடிந்ததும், எதிராளியின் போக்கை அறிந்துகொண்டவன் பக்கக் கட்டிலிருந்து வேண்டியவற்றை உள்ளே சேர்த்து வேண்டாதவற்றை வெளியே எடுக்கலாம்.

ஆட்டக்காரன் ஒருவன் போட்டிக்கு முதல்நாள் இரவு மேசைமுன் அமர்ந்திருக்கிறான் எனக் கொள்க. அவனது 60 சீட்டுகளும் பல மாதப் பயிற்சியில் புடம் போடப்பட்டவை. எஞ்சிய 15 இடங்களையோ, பிரதான கட்டில் இடம் கிடைக்காத, ஆனால் பிரிய மனம் வராத சீட்டுகளைக்கொண்டு அரைமணி நேரத்தில் நிரப்பிவிடுகிறான். தோல்விக்கான வித்து இங்கேயே ஊன்றப்படுகின்றது. ஒரு மோதல் இரண்டு ஆட்டங்களில் முடியுமாயின் அதிற் பாதி பக்கக் கட்டின் துணையோடு ஆடப்படுவது. மூன்றாக நீளுமாயின் மூன்றில் இரண்டு அத்தகையன. ஆடும் ஆட்டங்களிற் பாதிக்குக் குறையாதவற்றில் இடம்பெறும் கட்டினை அவன் ஒருமுறையேனும் ஆடிப் பார்த்ததில்லை.

பக்கக் கட்டின் தேவையை நன்கு உணர்த்துவது ‘டிரெட்ஜ்’ எனப்படும் கட்டுவகை. 2005 இல் மஜிக் ஆட்டத்தில் அறிமுகமான இத்திறன், கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுப்பதற்குப் பதிலாக மேலுள்ள பல சீட்டுகளைக் கழிவுக் குவியலில் தள்ளி, அங்கு கிடக்கும் டிரெட்ஜ் சீட்டினைக் கைக்கு மீட்டுத் தருவது. பிறர்க்குக் கழிவாக இருப்பது இதனை ஆடுவோனுக்கு இரண்டாவது கையாகிவிடுகிறது. பிரதான கட்டில் இதற்கு மாற்று வைத்திருப்போர் அரியர். எனவே முதலாட்டத்தில் இது எளிதில் வென்றுவிடும். அடுத்த ஆட்டத்தில் எதிராளி 2006 இல் வெளிவந்த ‘லேலைன் ஒஃப் த வொயிட்’ சீட்டினைச் சேர்த்துக்கொள்கிறான். இது தொடக்கக் கையில் இருந்தால் ஆட்டம் தொடங்குமுன்னரே களத்தில் வைக்கப்படலாம். பின்னர் டிரெட்ஜ் ஆடுவோனின் கழிவுக் குவியலுக்குச் செல்லவேண்டியவை யாவும் ஆட்டத்தைவிட்டே நீக்கப்படும்.

எனினும் மாற்று இருப்பதனால் மட்டும் வெற்றி உறுதியாவதில்லை. 60 சீட்டுகளில் நான்கு படிகள் இருப்பினும், தொடக்கத்தில் எடுக்கும் ஏழு சீட்டுகளில் ஒன்றேனும் அதுவாக அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 40 அளவே. இரண்டு படிகளாயின் 22. 2019 முதல் வழங்கும் விதியின்படி, முதற்கையை விலக்கிப் புதிதாக ஏழு சீட்டுகளை எடுத்து, அவற்றுள் ஒன்றைக் கட்டின் அடியில் வைக்கலாம். நான்கு படிகளை வைத்திருப்பவன் இதற்கும் துணிவானாயின் வாய்ப்பு 64 ஆக உயரும். அதற்கு விலை ஒரு சீட்டு. டிரெட்ஜ் ஆடுவோனும் வாளாவிருப்பதில்லை. லேலைனை அழிக்கவல்ல சீட்டுகளைத் தன் பக்கக் கட்டிலிருந்து அவனும் சேர்த்திருப்பான். முதலாட்டத்திற் கண்ட எதிராளி இரண்டாம் ஆட்டத்தில் அதே எதிராளி அல்லன்.

உள்ளே எதனைச் சேர்ப்பது என்பதில் அனைவரும் சிந்தனை செலுத்துவர். வெளியே எதனை எடுப்பது என்பதே கடினமான வினா. விரைந்து தாக்கும் சிறு உயிரிகளால் ஆன கட்டொன்றை ஆடும் நம் ஆட்டக்காரன், முதலாட்டத்தில் தோற்ற சினத்தில் ஒன்பது தடுப்புச் சீட்டுகளைச் சேர்த்து ஒன்பது தாக்குநர்களை வெளியே வைக்கிறான். இரண்டாம் ஆட்டத்தில் எதிராளி செய்யும் ஒவ்வொன்றுக்கும் அவனிடம் விடை இருக்கிறது. வெல்வதற்குரிய சீட்டு மட்டும் இல்லை. பிறனைத் தடுக்க முனைந்தவன் தன் கட்டின் இயல்பினையே இழந்து நிற்கிறான்.

ஆதலால் தேர்ந்தோர் கணக்கினை மறுபுறத்திலிருந்து தொடங்குவர். எதிர்பார்க்கும் ஒவ்வொரு கட்டுக்கும் எதிராகத் தம் 60 இல் பயன்படாதவை எத்தனை என முதலில் எண்ணுவர். உயிரிகளே இல்லாத கட்டுக்கு எதிராக உயிரிகளைக் கொல்லும் சீட்டுகள் வீண். அவ்வாறு வீணாவன ஐந்தாயின், அக்கட்டினை முறியடிக்க எட்டு இடங்களை ஒதுக்குவதும் வீண்; எஞ்சிய மூன்றும் வேறோர் எதிராளிக்கு உதவியிருக்கும். 2013 வரை மஜிக் போட்டிகளில் ஒன்றுக்கு ஒன்றாகவே மாற்றவேண்டும் என்ற விதி இருந்தது. அது தளர்ந்தபின்னரும் 60 ஐ மிஞ்ச விரும்புவோர் சிலரே. கட்டு பருக்கப் பருக்கச் சிறந்த சீட்டு கைக்கு வரும் வாய்ப்பு மெலியும்.

இக்கணக்கினை முதல்நாளே தாளில் எழுதிவைத்தல் நன்று. ஆட்டங்களுக்கு இடையே அக்குறிப்பினைப் பார்க்க மஜிக் போட்டி விதிகள் இடமளிக்கின்றன. திருக்குறளில் வலியறிதலை அடுத்துக் காலமறிதல் வைக்கப்பட்டுள்ளமை இங்கு நினைக்கத்தக்கது. எதிராளியின் வலியை முதலாட்டம் உணர்த்திவிடும். ஆனால் தோல்வியின் சூடு ஆறாத அச்சில நிமிடங்கள் புதிதாகச் சிந்திப்பதற்கு உரிய காலமல்ல. அமைதியாக இருந்த வேளையில் எழுதிய தாள், அமைதி இழந்த வேளையில் அவனுக்குத் துணையாகும்.

தான் அரும்பாடுபட்டு அமைத்த கட்டு எல்லோரையும் வெல்லாது என்பதை ஒப்புக்கொள்பவனுக்கே பக்கக் கட்டு பயன்படும். தன் ஆக்கத்தின்மேல் பற்று மிக்கவனுக்கு இது கைப்பானது. ஆயினும் அவ்விரவில் மேசைமுன் அமர்ந்திருப்பவன் எதிர்கொள்ளவேண்டிய உண்மை அதுவே. மோதல் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், மாற்றிய சீட்டுகளை எண்ணிப் பிரித்துக் கட்டினைப் பழைய நிலைக்குக் கொணர்தல் வேண்டும் என்பது விதி. அடுத்து எதிரில் வந்து அமர்பவன் எத்தகையன் என்பது மீண்டும் தெரியாது. 60 சீட்டுகளோடு அவன் முதலாட்டத்தைத் தொடங்குகிறான். 15 சீட்டுகள் பக்கத்தில் காத்திருக்கின்றன.