இருங்க

அக்கா பேத்தியைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூட்டிப்போயிருந்தேன். 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டைக்குள் நின்று கட்டபொம்மன் ஜாக்சன் துரையைப் பார்க்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "தாத்தா, அவருக்கு ஏன் சேர் போடல?"

ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 1959-ல் வந்த கட்டபொம்மன் படத்தின் வசனம் நமக்கெல்லாம் மனப்பாடம். அதற்கு முன்னால் அந்த மனிதர் பட்டது மறந்துபோயிற்று. வரச்சொல்லிக் கடிதம் போட்ட கலெக்டர் ஜாக்சனைத் தேடிக் கட்டபொம்மன் குற்றாலம் போகிறார், பார்க்க முடியவில்லை. சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கலெக்டர் முகாம் மாற மாற, பின்னாலேயே 23 நாள், சுமார் 400 மைல் அலைகிறார். கடைசியில் 1798 செப்டம்பர் 10-ல், இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் பேட்டி கிடைக்கிறது. அங்கே மூன்று மணி நேரம் நிற்க வைத்தே கணக்குக் கேட்கிறார்கள். வரிப் பாக்கியில் பெரும்பகுதியை அதற்குள் அவர் கட்டிவிட்டிருந்தார். அன்றைய கைகலப்பில் கும்பினிப் படையின் லெப்டினன்ட் கிளார்க் செத்தார்; கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதிப் பிள்ளை பிடிபட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். கவர்னர் சபை மூன்று பேர் கொண்ட குழுவை வைத்து விசாரித்தது. கலெக்டர் நடந்துகொண்ட விதம் தவறு என்று அந்தக் குழு சொன்னது. தானாபதிப் பிள்ளை விடுதலையானார். ஜாக்சன் பதவி போயிற்று. கும்பினிக்காரர்களை நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. மறு வருஷம் அக்டோபர் 16-ல் கயத்தாறில் அவரைத் தூக்கில் போட்டவர்களும் அவர்களே. ஆனால் வந்த மனிதனை நிற்க வைத்து அவமதிப்பது குற்றம் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

என் சித்தி தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் 19 வருஷம் சேலைப் பகுதியில் நின்றாள். காலை ஒன்பதரை மணிக்கு ஏறினால் ராத்திரி ஒன்பதுக்கு இறங்குவாள். கடையில் ஆளே இல்லாத மத்தியான வேளையிலும் உட்காரக் கூடாது. அலமாரியில் லேசாகச் சாய்ந்தால் சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே விரலைச் சொடுக்குவார். வீட்டுக்கு வந்ததும் கல்லுப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொள்வாள். கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாகச் சுருண்டு கிடக்கும். சம்பளம் குறைச்சல் என்று அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. "ஒருநாள்கூட 'இரு'ன்னு ஒருத்தரும் சொல்லலய்யா" என்றுதான் சொல்வாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை 'உட்காருங்க' என்பதைவிட 'இருங்க' என்பதுதான் வழக்கம். உயிரோடு இருப்பதற்கும் அதே சொல்தான். மலையாளத்திலும் அப்படித்தான். கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரரும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் ஜவுளிக்கடைப் பெண்களுக்காக நடத்திய போராட்டத்துக்கு 'இரிக்கல் சமரம்' என்றே பெயர் வந்தது. 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் நம் சட்டமன்றமும் 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கிடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது. சித்தி அதற்குள் வேலையை விட்டிருந்தாள்.

இந்த மண்ணில் எதுவும் தானாகக் கிடைக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்திலேயே ஒட்டப்பிடாரம். அங்கே பிறந்த வ.உ.சி., சுப்பிரமணிய சிவாவோடு நின்று 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் இறக்கினார். கூலி உயர்வும் வாரத்தில் ஒருநாள் விடுமுறையும் அந்தப் போராட்டம் வாங்கிக் கொடுத்தவை. மார்ச் 12-ல் அவர் கைதானார்.

போன மாதம், சித்தி வேலை பார்த்த அதே பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

துணி எடுக்கப் போகிறவர்கள் அந்த ஸ்டூலைக் கொஞ்சம் பாருங்கள். பெட்டி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். உங்களைக் கண்டு அவள் எழுந்தால், "இரும்மா, மெதுவா எடுத்துக் காட்டு" என்று சொல்லுங்கள்.